நிறுத்தினால்தான் கேட்கும்

சித்திரை மாசம், சிவகாசி பத்திரகாளியம்மன் கோயில் பொங்கல் சமயத்தில் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். வேலை என்று ஒன்றும் கிடையாது. பகலில் சாப்பாடும் தூக்கமும், ராத்திரியில் கச்சேரி. திருவிழாக் காலத்தில் அந்தப் பக்கம் கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குள்ளேயும் சுற்றுப்பட்டியிலும் ஏதாவது ஒரு தெருமுனையில் மேடை, சீரியல் பல்பு, பிளாஸ்டிக் நாற்காலி, ‘இன்னிசை நிகழ்ச்சி’.

அடுத்தடுத்து இரண்டு ராத்திரி, இரண்டு குழுக்கள் வாசித்ததைக் கேட்டேன். பாட்டுப் பட்டியல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரம்பத்தில் அம்மன் பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, நடுவில் இளையராஜா, ரஹ்மான், கடைசியில் குத்து. பாடியவர்களும் இரண்டு நாளும் சுமாருக்கு மேல்தான்.

முதல் ராத்திரிக் குழுவில் பாடகர்கள் தவிர எட்டுப் பேர். இரண்டு கீபோர்டு, டிரம்ஸ், தபலா, பேட், புல்லாங்குழல், லீட் கிட்டார், பாஸ் கிட்டார். பாஸ்காரர் டிரம்ஸுக்குப் பக்கத்தில், லைட் விழாத மூலையில், தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். அறிமுகப்படுத்தியபோது அவர் பெயர் வரும் நேரத்தில் யாரோ மைக்கைத் தட்டி ‘ஹலோ செக்’ சொன்னார்கள்.

இரண்டாவது ராத்திரி, ஒரு கீபோர்டு, ஒரு பேட், ஒரு லேப்டாப். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் டிராக்கில் வந்தது. ஆனால் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய சப்-வூஃபர் பெட்டிகள். சித்தி வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர்கள் தானாக ஆடின.

இப்போது என் பிரச்னை என்னவென்றால், சத்தம் குறைவாக இருந்த முதல் ராத்திரி பத்து மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக்கூடே அதிர்ந்த இரண்டாவது ராத்திரி நாலாவது பாட்டிலேயே கொட்டாவி வந்துவிட்டது. ஏன் என்று யோசித்தேன். யோசித்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

*

பாஸ் கிட்டார் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் ‘அதுவும் ஒரு கிட்டார்’ என்போம். கழுத்து நீளம், கம்பி நாலு, தடிமன் ஜாஸ்தி. ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்த்திருக்கும். சாதாரண கிட்டாரின் கடைசி நாலு கம்பிகளும் இதே எழுத்துகள்தான். இது அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. மனிதக் காதின் கீழ் எல்லை 20. ஆக, காது கேட்கிற உலகத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் வாத்தியம் இது.

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்கிறவர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்க்காரர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதற்கு முன்னால் அடித்தளச் சுரத்துக்கு ஆள் உயர டபுள் பாஸைத்தான் கட்டி அழவேண்டும். அதை ஒரு காரில் ஏற்றினால் வாசிப்பவர் கூரைமேல் உட்கார்ந்து வரவேண்டியதுதான். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற மாதிரி செய்து, கழுத்தில் கட்டைகளும் வைத்தார். விரல் வைக்கும் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால் ‘ப்ரிசிஷன்’ என்றே பெயர். பாஸ் கிட்டார் பரவியதற்குச் சங்கீதக் காரணம் பாதி என்றால், வண்டி வாடகை மீதி. இந்த இரண்டாவது காரணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இந்த வாத்தியத்துக்கு ஆரம்பம் முதலே ஒரு ராசி, யாரும் விரும்பி வருவதில்லை. பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னி கிட்டார்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 1961-ல் பாஸ் வாசித்த நண்பர் விலகிக்கொள்ள, வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் இவர் தலையில் விழுந்தது. ஹாம்பர்க் நகரத்தில் வயலின் வடிவத்தில் ஒரு விலை மலிவான ஹோஃப்னர் வாங்கினார். அந்தக் கிட்டார் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்தது. 2024-ல் உலகமெல்லாம் செய்தி. தலையில் கட்டப்பட்ட வாத்தியத்துக்கு அத்தனை மரியாதை.

எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனிக்கு அறுபதுகளில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரின் வாசிப்பு இல்லாத அமெரிக்க வீடு இருந்திருக்காது. ஆனால் 1971 வரைக்கும் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் கிடையாது. வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தார். 1983-ல் இறந்தார். 2002-ல் அவரையும் அவர் கூட்டாளிகளையும் பற்றி ஒரு டாக்குமெண்டரி வந்த பிறகுதான் பல பேருக்கு, ‘ஓஹோ, இவரா?’

*

நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ்ச் சினிமாவில் பாஸ் கிட்டாருக்கு வேலை கொடுத்தவர்கள் பலர் இருக்கலாம். அதற்கு ‘வாய்’ கொடுத்தவர் இளையராஜா. பெரும்பாலான பாட்டுகளில் பாஸ்காரரின் கடமை, கார்டு எதுவோ அதன் முதல் சுரத்தைத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருப்பது. டும், டும், டும். கல்யாண வீட்டில் வாசலில் நின்று ‘வாங்க வாங்க’ சொல்கிற மாமா மாதிரி. இளையராஜா அந்த மாமாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னார். பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும்போது, அடியில் பாஸ் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். சில சமயம் எதிர்த்திசையில். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்தவர், பாக்கின் சிஷ்யர் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர். அந்தத் தாள்களைப் பல வருஷம் பாஸில் உயிராக்கியவர் சசிதரன்.

சந்தேகமிருந்தால் ஒரு பரீட்சை. 1980-ல் வந்த ‘மூடுபனி’ படத்தில் கிட்டாரோடு ஜேசுதாஸ் பாடும் பாட்டு உங்களுக்குத் தெரியும். அதை முதலில் செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு நல்ல ஹெட்போனில், பாடகரை மறந்துவிட்டு, அடியில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்து 1982-ன் ‘நினைவெல்லாம் நித்யா’வில் எஸ்.பி.பி. பாடிய மலர்வனப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷமாக அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறோம், கீழே இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாதே என்று தோன்றும்.

தெரியாததற்குக் குற்றவாளி நாம் இல்லை, ஸ்பீக்கர். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் செல்போனுக்கும் அந்த ஆழத்துக்கு இறங்குகிற வயிறு கிடையாது. ஊர்க் கோயில்களில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி நிலைமை இன்னும் மோசம். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. பாஸ் கிட்டாரின் அடிப்படைச் சுரங்கள் ஏறக்குறைய எல்லாமே அதற்குக் கீழேதான். எழுபது எண்பதுகளில் கூம்பைக் கட்டிவிட்டு மேடையில் பாஸ் வாசித்த அத்தனை பேரும், கடலில் கரைத்த பெருங்காயம்!

ரஹ்மான் வந்தபோது இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, பதிவின் ஆழம். கீழ்ச்சுரங்கள் தெளிவாக வீட்டுக்கு வந்தன. இன்னொன்று, கேசட் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் வர ஆரம்பித்தன. ‘பாஸ் கிட்டார்: கீத் பீட்டர்ஸ்’ என்று அட்டையில் படித்துவிட்டு, அதெந்த வாத்தியம் என்று தேடிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அச்சில் ஒரு வரி, ஒரு தலைமுறையின் காதைத் திறந்துவிடும். இன்றைக்கு மும்பையிலிருந்து மோகினி டே என்கிற பெண் பாஸை மாட்டிக்கொண்டு மேடைக்கு நடுவில் வந்து நிற்கிறார். மூலையிலிருந்து நடுவுக்கு வர இந்த வாத்தியத்துக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

*

முதல் ராத்திரி கச்சேரி சரியாகப் பத்து மணிக்கு முடிந்தது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள், 2005-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு, இரண்டும் சேர்ந்து ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. வருஷத்தில் சில நாளுக்கு மட்டும் அரசாங்கம் பன்னிரண்டு வரை தளர்த்தலாம். அன்றைக்கு அந்த அனுமதி இல்லை போலிருக்கிறது. பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் அந்த பாஸ்காரரைப் பிடித்தேன். பகலில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். விரல் நுனியில் ஒரு பக்கம் மை, ஒரு பக்கம் காய்ப்பு. கூடவே இன்னும் இரண்டு பேர். ஒருவர் விருதுநகர்ப் பையன், வேறொரு குழுவில் வாசிப்பவர். இன்னொருவர் வாசிப்பதை நிறுத்திவிட்ட பெரியவர். இரண்டு பேரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றார்கள். மூன்று பாஸ்காரர்கள் ஓர் இடத்தில் சேர்ந்தால் என்ன பேசுவார்கள்? சங்கீதம் என்று நினைத்தேன். இல்லை. கம்பி.

“அண்ணாச்சி, போன சீசன் கம்பிய வெந்நியில போட்டுக் கொதிக்க வச்சேன். பத்து கச்சேரிக்குப் புதுசு மாதிரி அடிச்சுது” என்றார் பையன்.

“உங்க அம்மா பாத்திரத்துலயா?”

“அடி வாங்குனதும் அதுக்குத்தான்.”

கம்பியில் ஏறும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் கொதிநீரில் கழன்றுவிடும், அதனால் சத்தம் தெளியும் என்று எனக்கு விளக்கினார்கள். ஜேமர்சன் அறுந்தாலொழியக் கம்பியை மாற்றவே மாட்டாராம் என்று நான் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். மெஷின்மேன் சிரித்தார். “அவரு சத்தத்துக்காக மாத்தல. நாங்க காசுக்காக மாத்தல.”

பிறகு விரல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கவேண்டும், பட்டாளத்துக்காரன் மாதிரி. பிளெக்ட்ரம் வைத்தால் சத்தம் எடுப்பாக வரும், ஆனால் மெலடிக்கு ஒட்டாது. கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ‘ஸ்லாப்’ கல்லூரி விழாவுக்கு மட்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கடைசியில் சொன்னார்:

“அடிக்கிறது பாதிதான் தம்பி. அடிச்சத எங்க நிறுத்துறோம்கிறதுதான் மீதி. உள்ளங்கைய வச்சு கம்பிய மூடத் தெரியாதவன் பாஸ் வாசிக்கல, பம்புசெட் ஓட்டுறான்.”

எனக்கு இரண்டாவது ராத்திரியின் கொட்டாவிக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. அப்போது இரண்டாவது ராத்திரி வரவில்லை என்பதால் மறுநாள்தான் புரிந்தது.

*

சரி, விமர்சனம்.

இரண்டாவது குழுவில் பாஸ் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. பாஸ்தான் இருந்தது, பாட்டுதான் இல்லை. கூம்பு போய்ப் பெட்டி வந்து, பெட்டி போய் சப்-வூஃபர் வந்து, இன்றைக்கு எந்தக் குக்கிராமத்திலும் 41 ஹெர்ட்ஸை வயிற்றில் வாங்கலாம். அந்தச் சத்தத்தின் ஓர் அலை சுமார் 27 அடி நீளம். சுவரைச் சுற்றிக்கொண்டு, தெருவைத் தாண்டி வரும். தூரத்துக் கச்சேரியில் பாட்டு கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் கேட்பது இதனால்தான். பாஸ்காரருக்கு ஐம்பது வருஷமாகக் கிடைக்காத ஸ்பீக்கர் கடைசியில் கிடைத்துவிட்டது. அது வந்து சேர்ந்த நேரத்தில் பாஸ்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

டிராக்கில் வரும் பாஸ், டிரம்ஸோடு ஒட்டிய ஒரே உதை. சுரம் எப்போது ஆரம்பிக்கிறது என்று தெரியும். எப்போது முடிகிறது என்று தெரியாது, ஒன்றின் வால் அடுத்ததன் தலைமேல் கிடக்கிறது. சத்தம் இருக்கிறது, வரி இல்லை. அதைவிட முக்கியமான குறை, டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. அன்றைக்குப் பாடிய பெண் ஒரு சரணத்தில் உணர்ச்சி வசப்பட்டுக் கொஞ்சம் இழுத்தாள். அழகான இழுப்பு. லேப்டாப் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து பஸ் ஏறவேண்டியதாயிற்று. முதல் ராத்திரி அதே மாதிரி ஓர் இடத்தில் பாடகர் தடுமாறியபோது, மூலையில் இருந்த பாஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சுரத்தை நீட்டி வைத்துக்கொண்டார். டிரம்ஸ்காரர் அவரைப் பார்த்தார். பாடகர் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் நகர்ந்தார்கள். மூன்று வினாடி. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. மனிதர்கள் வாசிப்பதற்கு நாம் கொடுக்கும் காசு இந்த மூன்று வினாடிக்குத்தான்.

அதற்காக முதல் ராத்திரிக்காரரை நான் தெய்வமாக்கப் போவதில்லை. நான் சொன்ன அந்த 1982 பாட்டை அவரும் வாசித்தார். பல்லவியில் அடியில் ஓடவேண்டிய மெட்டை விட்டுவிட்டு, கார்டின் முதல் சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசல் மாமா! டீக்கடையில் கேட்டேவிட்டேன்.

மறைக்கவில்லை. “தெரியும் சார். வீட்டுல வாசிப்பேன். மேடையில டிரம்ஸ் தம்பி புதுசு. நான் ஓடிட்டா அவன் தனியா நிப்பான். ரெண்டு ரிகர்சல் இருந்தா வாசிச்சிருவேன்.”

“ஏன், ரிகர்சல் இல்லையா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு கம்பியிலிருந்து கணக்குக்கு வந்தது.

*

நான் பி.காம். படித்தவன். பத்திரிகை வேலையில் அந்தப் படிப்பு உபயோகப்பட்ட மிகச் சில ராத்திரிகளில் அது ஒன்று. டீக்கடை மேஜையில் கணக்குப் போட்டோம். ஊருக்கு ஊர் ரேட் மாறும், எனவே இதை உதாரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கச்சேரி 60,000 ரூபாய்க்குப் பேசியாகிறது. வேன், டீசல், டிரைவர் படி 8,000. சாப்பாடு 3,000. ஏஜென்ட் கமிஷன் 6,000. பாடகர்கள் நாலு பேருக்குத் தலா 4,000 வீதம் 16,000. ஆகமொத்தம் 33,000 போக, மிச்சம் 27,000. வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர், குழு நடத்துபவருக்கு பேனர் பங்கு ஒன்று சேர்த்து இரண்டு. ஆக ஒன்பது பங்கு. பங்குக்கு 3,000.

ரொம்ப நியாயமாகத்தான் தெரிகிறது. எல்லோருக்கும் சமம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தலைப்பையே காணோம். தேய்மானம்.

பாஸ்காரரின் 3,000-லிருந்து கம்பிக்கு ஒரு கச்சேரிக்கு 100 ரூபாய். 30,000 ரூபாய்க் கிட்டாரை முந்நூறு கச்சேரிக்குப் பரப்பினால் அதில் ஒரு 100. ஒயர், பேட்டரி 50. வேன் கிளம்புகிற இடத்துக்குப் போய்வர பஸ், ஆட்டோ 150. ஆக 400 போய் 2,600. அது ஒரு ராத்திரிக் கூலியும் இல்லை. ரிகர்சல் ஒரு நாள், கச்சேரி ஒரு நாள், கண் எரிச்சலோடு லீவு போட்ட மறுநாள் ஒன்று. மூன்றால் வகுத்தால் நாளுக்கு 870 ரூபாய்கூட இல்லை. இரண்டாவது ரிகர்சல் வைத்தால் அது 650. பாஸ் மெட்டு ஏன் ஓடவில்லை என்று விமர்சகர் கேட்கிறார். இந்த வகுத்தல் கணக்கில்தான் அது நின்றுபோனது.

கம்பெனி கணக்கில் மெஷின் தேய்ந்தால் கம்பெனி தாங்கும், அதை லாபத்தில் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். மெல்லிசைக் குழுவில் வரவு பொது, தேய்மானம் தனி. தொண்டையை மட்டும் கொண்டுவருகிறவருக்கும், பதினைந்து கிலோ ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கும் வேனில் ஒரே சீட், கணக்கில் ஒரே கோடு.

மெஷின்மேனும் அந்தப் பையனும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிட்டார். ஆளுக்கு 15,000 போட்டு வாங்கியது. யார் முதலில் அட்வான்ஸ் வாங்குகிறாரோ அவருக்கு அன்றைக்குக் கிட்டார். அறுத்தவர் கம்பி வாங்கவேண்டும். மழையில் நனைத்தால் அபராதம் ஒரு பிரியாணி. எழுதாத ஒப்பந்தம், ஆனால் நான் பார்த்த பல பார்ட்னர்ஷிப் பத்திரங்களைவிட உறுதி. சிக்கல் எங்கே என்றால் பங்குனி, சித்திரை, ஆடியில். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் நடக்கும் நாட்களில் இரண்டு பேருக்கும் ஒரே தேதியில் புக்கிங் வந்தால், ஒருவர் உட்காரவேண்டியதுதான்.

“அப்பல்லாம் பழைய கல்கத்தா கிவ்சன் ஒண்ணு கிடந்துச்சு. அத வச்சு ஒப்பேத்துவோம். இப்ப கழுத்து வளைஞ்சு போச்சு” என்றார் பையன்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். திரும்பி வந்து ஆரம்பித்ததுதான் இந்த ஊர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, லேபிளிலிருந்து அச்சு. செலவைப் பகிர்ந்துகொள்ளவும் சின்ன முதலில் தொழில் நடத்தவும் இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழு நடத்துபவரை வில்லனாக்கவும் எனக்கு மனசில்லை. விழாக் கமிட்டி போன வருஷ ரேட்டுக்கே இந்த வருஷமும் கேட்கிறது. டி.வி. போட்டியில் முகம் தெரிந்த பாடகர் ஒருவர் வேண்டும் என்கிறது. அவர் கேட்பதைக் கொடுத்துவிட்டு எங்காவது வெட்டவேண்டும். வெட்டினால் யாருக்கும் தெரியாத ஆள் யார்? மேலே உள்ள கணக்கில் பாஸ்காரரை எடுத்துவிட்டு எட்டால் வகுத்துப் பாருங்கள். பங்கு 3,375. தலைக்கு 375 ரூபாய் லாபம். ஒரு பாட்டின் அஸ்திவாரத்தை நாம் விற்றிருக்கும் விலை இவ்வளவுதான்.

இதற்கு மாற்று என்னவென்று அன்றைக்கே பேசினோம். பங்கு பிரிப்பதற்கு முன்னால், வேனுக்கு எடுப்பது போலவே, ‘வாத்தியம்’ என்று ஒரு தலைப்பில் ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ பொதுவில் எடுத்து வைப்பது. கம்பி, தோல், ரீட், பேட்டரி எல்லாம் அதிலிருந்து. ரிகர்சல் நாளுக்குக் கால் பங்கு. பேனர் பங்கு வாங்குபவர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிப் போடுவது. பெரிய பொருளாதாரம் ஒன்றும் இல்லை. மெஷின்மேன் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னா எழுதிருவாங்க. நான் சொன்னா மாத்திருவாங்க” என்றார். எதை மாற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

*

கிளம்பும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். இத்தனை நஷ்டத்தில் எதற்கு இந்த மூலை?

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்.

“சார், இந்தச் சுத்துவட்டாரத்துல தூரத்துல ‘தொம்’னு ஒரு சத்தம் கேட்டா, எல்லா வீட்டுலயும் ஆளுக தெருவுக்கு வந்திருவாங்க. எந்தத் திசைனு பார்ப்பாங்க. வேலைக்குப் போன ஆளுக்கு போன் போடுவாங்க. சின்னப்புள்ளையில இருந்து எனக்கு அந்தச் சத்தம்னா வயித்தக் கலக்கும்.” கிட்டார் உறையைத் தட்டினார். “இதுவும் அதே மாதிரி கீழ்ச் சத்தம்தான். ஆனா இதுக்கு யாரும் பயப்படல. புள்ளைகளத் தூக்கிட்டு வந்து முன்னால உக்காருறாங்க.”

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே விபத்தில் போனார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் எண்ணிக்கையில் சின்னதாக எத்தனையோ. வெடிச்சத்தத்துக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறோம். தெருவுக்கு ஓடி வருகிறவர்களின் வயிற்றில் விழுகிற சத்தத்துக்கு அளவுகோல் கிடையாது. அவர் சொன்ன பிறகு, மறுநாள் ராத்திரி சப்-வூஃபர் முன்னால் என்னால் உட்கார முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் தெரிந்தது. அது உதைத்துக்கொண்டே இருந்தது. எங்கேயும் நிறுத்தவில்லை.

“பாஸ யாரும் கேக்க மாட்டாங்க சார். நிறுத்தினாத்தான் ‘என்னமோ குறையுதே’ன்னு கேப்பாங்க” என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு அதில் ஒரு திருத்தம். நிறுத்திவிட்டார்கள். இன்னும் யாரும் கேட்கவில்லை.

விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கலுக்கு மெல்லிசை பேசும்போது, ‘பாஸ் கிட்டார் உண்டா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டு என்றால் நோட்டீஸில் பாடகர்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போடுங்கள். நாட்டுக்கே காலண்டர் அடித்துத் தருகிற ஊர். அவரே பகலில் பிரஸ்ஸில்தான் நிற்கிறார். ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

மை கொஞ்சம். அதுவும் அவர் விரலிலேயே இருக்கிறது.